கடலில் விழுந்தும் பேர் வாங்கிய ரூத் எல்டர்

மாலையில் நம் மொட்டைமாடிக்கு வரும் குழந்தைகள் தலைக்கு மேல் போகும் விமானத்துக்குக் கை காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்திலேயே பெண்கள் விமானம் ஓட்டினார்களா என்று போன வாரம் ஒரு சிறுமி கேட்டாள். அமேலியா இயர்ஹார்ட் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு முன்னால் முயன்ற இன்னொருவரைச் சொல்லாமல் விட்டது உறுத்தியது. அதனால் இந்தக் காலாண்டு ரூத் எல்டருக்கு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அன்னிஸ்டன் என்ற ஊர்க்காரர். புளோரிடாவின் லேக்லேண்டில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டக் கற்றார். கற்றுக்கொடுத்தவர் ஜார்ஜ் ஹால்டெமன். 1927 மே மாதம் லிண்ட்பெர்க் தனியாளாக அட்லாண்டிக்கைத் தாண்டிப் பாரிஸில் இறங்க, உலகமே கொண்டாடியது. ஒரு பெண்ணும் இதைச் செய்யலாமே என்று ரூத் கிளம்பினார். அந்த ஆகஸ்டு கடைசியில்தான் இங்கிலாந்துப் பக்கமிருந்து விமானத்தில் புறப்பட்ட ஒரு பெண்மணி, உடன் சென்ற இரு விமானிகளோடு கடலில் காணாமல் போயிருந்தார். பலரும் தடுத்தார்கள். ரூத் கேட்கவில்லை.

அக்டோபர் 11 அன்று நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் களத்திலிருந்து ரூத்தும் ஹால்டெமனும் புறப்பட்டார்கள். ஸ்டின்சன் டெட்ராய்ட்டர் வகை விமானம், பெயர் 'அமெரிக்கன் கேர்ள்'. கப்பல்கள் போகும் தெற்குப் பாதையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த முன்யோசனைதான் பிறகு உயிரைக் காப்பாற்றியது. புயலில் மணிக்கணக்காக அலைக்கழிந்தபின் எண்ணெய்க் கசிவு தொடங்கியது. எண்ணெய் இல்லாமல் என்ஜின் எத்தனை நேரம் ஓடும்? அசோர்ஸ் தீவுகளை எட்டக்கூட வழியில்லை. கீழே பாரெண்ட்ரெக்ட் என்ற டச்சு எண்ணெய்க் கப்பல் தெரிந்தது. கரை எவ்வளவு தூரம் என்று தாளில் எழுதிப் போட்டார்கள். கப்பல்காரர்கள் தளத்திலேயே பெரிதாகப் பதில் எழுதிக் காட்டினார்கள்: 300 மைலுக்கு மேல். வேறு வழியில்லை, கப்பலுக்கு அருகே கடலிலேயே இறக்கினார்கள். இருவரையும் மீட்ட பிறகு விமானத்தைத் தூக்க முயன்றபோது அது தீப்பிடித்து மூழ்கிப்போனது.

பாரிஸை அடையவில்லை. ஆனால் சுமார் 2,600 மைல் கடல்மேல் பறந்திருந்தார்கள். அதுவரை ஒரு பெண் கடல்மேல் அவ்வளவு தூரம் பறந்ததில்லை. நியூயார்க்கில் காகிதத் துண்டுகள் பறக்க ஊர்வலம், அதிபர் கூலிட்ஜின் வெள்ளை மாளிகையில் விருந்து எல்லாம் நடந்தது. தலையில் அவர் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்து ஊர்ப்பெண்களும் கட்டத் தொடங்கினார்கள். விளம்பரத்துக்காகச் செய்த வேலை என்று திட்டியவர்களும் உண்டு. அதில் பெண் தலைவர்களும் இருந்தது எனக்கு வருத்தம். முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் புயலிலும் இருட்டிலும் அட்லாண்டிக் மேல் உட்கார்ந்திருப்பது என்ன விளம்பரமோ!

பிறகு மேடை நிகழ்ச்சிகள், அடுத்து ஹாலிவுட். மௌனப் படங்கள் மறையத் தொடங்கிய நேரம். 1928இல் ரிச்சர்ட் டிக்ஸோடு 'மோரன் ஆஃப் தி மரீன்ஸ்', 1929இல் ஹூட் கிப்சனோடு 'தி விங்டு ஹார்ஸ்மன்'. முதல் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை.

நடிகையாகிவிட்டார், இனி பறக்கமாட்டார் என்று நினைத்தவர்களுக்கு 1929 ஆகஸ்டில் பதில் கிடைத்தது. சாண்டா மோனிகாவிலிருந்து கிளீவ்லேண்டு வரை பெண்களுக்கான முதல் நாடு கடக்கும் விமானப் போட்டி. எட்டு நாள்களுக்கு மேல், தனியாக. மார்வெல் கிராசன் என்ற விமானி வழியிலேயே விழுந்து இறந்தார். பெண்கள் போட்டியை நிறுத்துங்கள் என்று குரல்கள் எழுந்தன, மற்றவர்கள் பறந்துகொண்டே இருந்தார்கள். நடுவே ரூத்தின் வரைபடம் காற்றில் பறந்துபோக, வழி கேட்க ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். மாடுகள் நெருங்கி வந்தன. அவருடைய விமானமோ சிவப்பு! காளைகளாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாராம். லூயிஸ் தேடன் முதலிடம், இயர்ஹார்ட் மூன்றாமிடம், ரூத் ஐந்தாமிடம். அதே ஆண்டு நவம்பரில் பெண் விமானிகள் தொடங்கிய 'நைன்ட்டி நைன்ஸ்' சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 99 பேர் சேர்ந்ததால் அந்தப் பெயர். சங்கம் இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்தித்தாள்கள் அவரை மெல்ல மறந்தன. ஆறு முறை மணம் செய்துகொண்டார். சம்பாதித்த பெரும் பணம் கையில் தங்கவில்லை. 1977 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் காலமானார். அவர் ரூஸ்வெல்ட் களத்திலிருந்து கிளம்பி ஐம்பது ஆண்டு நிறைய அப்போது இரண்டே நாள் பாக்கி.

அந்தச் சிறுமியை மாடியில் பார்த்தால் மாட்டுக் கதையை முதலில் சொல்ல வேண்டும்.