கைகாட்டி தந்த கணினியறிஞர்

கள்ளக்குறிச்சிக்கு அருகேயுள்ள சின்னசேலத்தின் வழியே சேலம்–விருத்தாசலம் இருப்புப்பாதை செல்கின்றது. அஃது ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரு வண்டிகளுள் ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நின்றால்தான் மற்றது செல்ல இயலும். இத்தகைய பாதைகளில் முற்காலத்தே ஒழுங்கைக் காத்தது கைகாட்டி மரமாகும். அக்கைகாட்டியின் பெயரைக் கணினிக்குள் கொண்டு சேர்த்த அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆவார்.

இவர் 1930 மே 11 அன்று ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் வேதியியல் ஆசிரியர். அன்னையார் கணிதம் கற்றவர். முதலில் சட்டம் பயில விரும்பிய இவர், பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றார். 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் கணினிக்கு நிரல் எழுதும் பணியை ஏற்றார். அத்தகைய தொழில் ஒன்று உண்டென்பதையே அந்நாளில் பலர் அறியார். 1957இல் திருமணப் பதிவின்போது தம் தொழில் நிரலெழுதுதல் என்று அவர் கூற, அலுவலர் அதனை ஏற்க மறுத்தனர். இறுதியில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்றே பதிவாயிற்று.

1962இல் ஐந்தோவன் நகரின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் கணிதப் பேராசிரியரானார். ஒரே கணினியில் பல நிரல்கள் ஒருங்கே இயங்கும்போது நேரும் இடர் அவர் கருத்தை ஈர்த்தது. ஒரு பேரேட்டில் 10 என்னும் எண் உள்ளது எனக் கொள்வோம். இரு கணக்கர் ஒரே நொடியில் அதனைப் பார்த்து, ஒவ்வொருவரும் ஒன்றைக் கூட்டி, 11 என்று எழுதிவிடுகின்றனர். வரவேண்டியதோ 12! தனித்தனியே நோக்கின் இருவர் செய்ததும் சரியே. கணக்கு மட்டும் தவறிவிட்டது. இப்பிழை என்றோ ஒருநாள் தோன்றி மறைவதாதலின் அதனைத் தேடிப் பிடித்தலும் அரிது.

ஒருவர் எழுதி முடிக்குமளவும் மற்றவரை நிறுத்திவைத்தல் வேண்டும். இதற்காக டைக்ஸ்ட்ரா வகுத்ததே செமாஃபோர், அஃதாவது கைகாட்டி. பொதுவிடத்தினுள் புகும் நிரல் தடையிட்டுச் செல்லும். வெளியேறும்போது அத்தடையை நீக்கும். இடையில் வரும் நிரல், வழி உண்டோ வழி உண்டோ என ஓயாது வினவிக் கணினியின் உழைப்பை வீணாக்காமல், தன் முறை வரும்வரை உறங்கிக் கிடக்கும். இம்முறையில் அவரும் அவர்தம் சிறு குழுவினரும் ஓர் இயக்க அமைப்பையே உருவாக்கினர்; 1968இல் அதனை விளக்கி டைக்ஸ்ட்ரா கட்டுரை வெளியிட்டார்.

தடை உள்ள இடத்தில் காத்திருத்தலும் உண்டன்றோ? ஒரு கணினியிலேயே பல செயலிகள் அமைந்த பிற்காலத்தில் இது பெருந்தொல்லையாயிற்று. கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயப்பாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. அத்தகைய ஓர் ஆலையில் எடைமேடை ஒன்றேயாயின், கரும்பு வண்டிகளை இருமடங்காக்குவதால் பயன் என்ன? வரிசைதான் நீளும். செயலிகளைப் பெருக்கியும் கணினி விரையாதபோது, வல்லுநர் அவ்வரிசை எங்கே நிற்கின்றது என்றே தேடுவர். எந்தத் தடையின்முன் நிரல்கள் நெடுநேரம் நிற்கின்றன, உள்ளே சென்ற நிரல் எத்துணை நேரம் அதனைப் பற்றியிருக்கின்றது என்பவற்றை அளந்து காண்பர். வண்டியை மேடைமீதே நிறுத்திக்கொண்டு சீட்டெழுதுவதுதான் குறையெனின், சீட்டெழுதுவதை வேறிடத்துக்கு மாற்றலாம். அதுவும் போதாதெனின் இரண்டாம் மேடை அமைக்கலாம். தடையை வெறுமனே அகற்றிவிடுவோர்க்கோ பழைய 11தான் விடையாகக் கிடைக்கும்.

டைக்ஸ்ட்ரா 1972இல் டூரிங் விருது பெற்றார். 1984 முதல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கணினியறிஞராயினும், தம் கட்டுரைகளை மைப்பேனாவால் எழுதி, எண்ணிட்டு, படியெடுத்து நண்பர்க்கு அனுப்புவது அவர் வழக்கம். அவை 1300க்கும் மேற்பட்டன. புற்றுநோயுற்றுத் தாயகம் திரும்பிய அவர், 2002 ஆகஸ்ட் 6 அன்று நூனென் என்னும் ஊரில் காலமானார்.