லால்பாக் மரங்களுக்குப் பின்னே ஒரு ஜெர்மானியர்

பெங்களூரில் குடியிருக்கும் நம்மவர்களில் லால்பாக் பார்க்காத குடும்பம் இருக்க முடியாது. ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். புளியோதரைப் பொட்டலம், தண்ணீர்க் கூஜா, விரிக்க ஒரு பழைய போர்வை. பிள்ளைகள் பாறை மீது ஏறி, கெம்பே கவுடா கோபுரத்தைத் தொட்டுவிட்டு ஓடி வரும். பெரியவர்கள் கண்ணாடி மாளிகைக்கு எதிரே நிழல் பார்த்து உட்காருவார்கள். ஆகஸ்டிலும் ஜனவரியிலும் மலர்க் கண்காட்சி நடக்கும்போது, பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடப்பதே பெரும்பாடு!

ஹைதர் அலி 1760ல் போட்ட தோட்டம், திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம் என்று விருந்தாளிக்கு எல்லோரும் சொல்லிவிடுவோம். ஆனால் இன்று நாம் காணும் லால்பாக்கிலும், நகரத்து வீதிகளின் பூ மரங்களிலும் பெரும் பங்கு உள்ள ஒருவரை யாரும் சொல்வதில்லை. மாவள்ளிப் பக்கம் ஒரு சாலைப் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. க்ரும்பிகல் ரோடு. வாயில் எளிதில் நுழையாத அந்தப் பெயருக்கு உரியவர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பிகல்.

ஜெர்மனியில் சாக்சனி ராஜ்யம். அதில் டிரெஸ்டன் நகருக்கு அருகே லோமன் என்ற சிற்றூரில் 1865 டிசம்பரில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தோட்டக்கலை கற்கப் போய்விட்டார். எல்ப் நதிக்கரையில் பில்னிட்ஸ் என்ற இடத்தில் அரச குடும்பத்தின் தோட்டம் இருந்தது. அங்கே பயிற்சி. பிறகு ஹாம்பர்க்கில் வேலை. 1888ல் இங்கிலாந்து போய், லண்டன் ஹைட் பார்க்கில் பூப்பாத்திகள் அமைத்தார். அங்கிருந்து கியூ தாவரவியல் தோட்டம். உலகத்துச் செடி கொடியெல்லாம் வந்து சேரும் இடம் அது. தோட்டக்காரனுக்குக் கியூவில் வேலை கிடைப்பது, ரயில்வேக்காரனுக்கு ஜமால்பூர் பட்டறையில் பயிற்சி கிடைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் தம் சமஸ்தானத்துத் தோட்டங்களைக் கவனிக்க 1893ல் அவரை வேலைக்கு அமர்த்தினார். அப்போது வயது இருபத்தேழு. பாஷை தெரியாத ஊருக்கு வேலை என்று பெட்டி கட்டிக்கொண்டு போவது எப்படிப்பட்டது என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதிலும் இவருக்குக் கடல் கடந்த ஊர்.

பரோடாவில் பதினைந்து ஆண்டுகள் போலக் கழிந்தன. 1874 முதல் லால்பாக்கை நடத்திவந்த கேமரன் துரை 1908ல் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் க்ரும்பிகலைக் கொண்டுவந்தார். 1932 வரை லால்பாக் அவர் பொறுப்பு.

மாதத்துக்கு ஒரு பூ

அவருடைய பெயரை நிலைக்க வைத்தது ஓர் எளிய யோசனை. எல்லா மரமும் ஒரே மாதத்தில் பூத்துவிட்டால் மீதி மாதங்களில் வீதி வெறிச்சென்று கிடக்கும். ஆகவே பூக்கும் பருவம் பார்த்து மரங்களைத் தேர்ந்து, ஒன்று ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி நடவேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஊதா நிற ஜகரண்டா. ஏப்ரல், மே மாதங்களில் தீப்பிடித்த மாதிரி குல்மோஹர். அதோடு மஞ்சள் கொன்றை வகைகள். மழை ஓயும் அக்டோபர், நவம்பரில் மரமல்லி உதிர்ந்து வீதியெல்லாம் மணக்கும். காலை ஷிஃப்டுக்கு சைக்கிளில் போன மில் தொழிலாளியும், மாலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற குமாஸ்தாவும் காலண்டரைப் பார்க்காமலே மாதம் சொல்லலாம் என்று இருந்த ஊர் இது.

இன்று நிற்கும் மரமெல்லாம் அவர் நட்டதல்ல. அவருக்குப் பின் ஜவராயா, மரிகவுடா ஆகியோர் தொடர்ந்தார்கள். 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் லட்சக்கணக்கில் மரம் வைத்தார். ஆனாலும் வழி போட்டவர் க்ரும்பிகல். அந்த வழியை மண்ணில் இறக்கியவர்களோ பெயர் தெரியாத கூலித் தோட்டக்காரர்கள். பெங்களூர்த் தோட்ட வேலைக்குப் பேர்போனவர்கள், கரகம் எடுக்கும் திகளர் சமூகத்தார். அவர்கள் பூர்வீகத்தில் தமிழ் வழி வந்தவர்கள் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

அழகுச் செடியோடு அவர் நின்றுவிடவில்லை. வெளிநாட்டுத் தோட்டங்களோடு விதைகளைக் கொடுத்து வாங்கினார். சோயா மொச்சை, ரஷ்யச் சூரியகாந்தி, மாட்டுத் தீவனத்துக்கு ரோட்ஸ் புல் என்று விவசாயிக்கு உதவும் பயிர்களும் அவர் மூலம் மைசூர் ராஜ்யத்துக்கு வந்தன. மலர்க் கண்காட்சிகள் நடத்திப் பெயர் பெற்ற மைசூர் தோட்டக்கலைச் சங்கம் 1912ல் அவர் காலத்தில் தோன்றியது. திவான் மிர்சா இஸ்மாயில் விருப்பப்படி கிருஷ்ணராஜ சாகர் அணைக்குக் கீழே பிருந்தாவனத் தோட்டம் எழுந்ததே, மைசூருக்கு சுற்றுலா போகும் ஒவ்வொரு குடும்பமும் வண்ண விளக்கும் நீரூற்றும் பார்க்கும் இடம், அதற்கு உருவம் கொடுத்தவரும் இவர்தான்.

எதிரி நாட்டுக்காரர்

இத்தனை செய்தவரை ஆங்கில அரசாங்கம் எப்படி நடத்தியது? 1914ல் உலகப் போர் மூண்டது. மைசூர் மகாராஜாவின் உத்தியோகஸ்தர்தான். ஆனாலும் ஆங்கிலேயர் கண்ணுக்கு அவர் ஜெர்மானியர். 1939ல் இரண்டாம் போர் மூண்டபோது அவருக்கு வயது எழுபத்து மூன்று. இந்தியாவுக்கு வந்து நாற்பத்தாறு ஆண்டுகள். அப்போதும் அதே கணக்கு. போர்க்காலத்தில் எதிரி நாட்டுக்காரர் என்று காவல் முகாமில் அடைத்தார்கள். ஹைட் பார்க்கில் பாத்தி போட்ட கை அது என்பது யாருக்கும் நினைவில்லை.

அங்கே அவருடைய சொந்த மண்ணுக்கும் நல்ல காலம் இல்லை. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலானது. போர் முடிந்ததும் சாக்சனி முழுவதும் ரஷ்யர் வசம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் தோட்டம், நகரமைப்பு என்று மைசூர் அரசுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த கிழவர் பெங்களூரிலேயே இருந்துவிட்டார். சுதந்திர இந்தியாவையும் பார்த்தார். 1956 பிப்ரவரி 8ந் தேதி, தொண்ணூறு வயதில் இதே ஊரில் காலமானார்.

லால்பாக்கில் அவர் பெயர் தாங்கிய பழைய மண்டபம் ஒன்று இருந்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி 2017ல் இடிந்து விழுந்தது. சமாதி ஓசூர் ரோடு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில், மெதாடிஸ்ட் பகுதியில் இருக்கிறது. லால்பாக்கிலிருந்து அதிக தூரமில்லை. ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம்.