தோட்டத் தொழிலின் உள்ளமைப்பை ஆராய்ந்த கோ.நடேசய்யர்

ஒரு தொழிலகத்தில் மனிதர்கள் எவ்வாறு ஒன்றுசேர்ந்து இயங்குகின்றனர் என்ற ஆராய்ச்சி இன்று பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே ஹோத்தோர்ண் தொழிற்சாலையில் 1924இல் தொடங்கிய பரிசோதனைகளை அதன் முக்கிய திருப்புமுனையாகக் கூறுவர். பின்னர் அவற்றில் இணைந்த எல்டன் மேயோ முதலானோர், கூலியும் வெளிச்சமும் மட்டுமன்றி, தொழிலாளர் தமக்குள் அமைத்துக்கொள்ளும் குழுவும் அவர்களது உழைப்பைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்தனர்.

ஏறத்தாழ அதே காலத்தில், ஆய்வுகூடமோ பல்கலைக்கழகத்தின் ஆதரவோ இன்றி, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இதே கேள்விக்கு விடை தேடியவர் கோ.நடேசய்யர். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்துள்ள தர்மபுரத்தில் இன்று வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்கு அவரது வாழ்க்கை முன்னோரின் வரலாறும் ஆகும்.

1887இல் தஞ்சையில் பிறந்த நடேசய்யர், வணிகக் கல்வியிலும் கணக்கியலிலும் புலமை பெற்றவர். தமிழில் வணிக நூல்கள் எழுதியதோடு, வர்த்தகமித்திரன் என்ற இதழையும் நடத்தினார். அவ்விதழின் பணி தொடர்பாக இலங்கை வந்தபோது, தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பினார். அந்நியர் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது. எனவே புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் சென்றார் என அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். கண்டவற்றைத் துண்டுப்பிரசுரங்களிலும் பத்திரிகைகளிலும் எழுதினார்.

அவர் அங்கு கண்டது வறுமையை மட்டுமன்று. வறுமையை நிலைநிறுத்திய ஓர் அமைப்பையும் கண்டார். தோட்டத்துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளையும் பெரிய கங்காணியும், அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகளும், அனைவருக்கும் அடியில் தொழிலாளரும் இருந்தனர். தன் ஊரிலும் உறவிலுமிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி, அவர்களுக்குக் கடன் கொடுப்பவராகவும் வேலை வாங்குபவராகவும் துரையிடம் பேசுபவராகவும் ஒருங்கே விளங்கினார். பிரட்டுக்களத்தில் எத்தனை பேர் நின்றனரோ அதற்கேற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. நோயுற்றவரையும் வேலைக்கு அனுப்புவதே அவருக்கு இலாபமாயிற்று. துண்டு என்ற கடன்சீட்டு முறையோ, தொழிலாளியைக் கடனுடன் சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றியது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் கடனும் அச்சமும் நீங்கவில்லை.

உறவு என்ற பாசப்பிணைப்பே இங்கு கட்டுப்பாட்டின் கருவியாகியிருந்தது. கணக்கியல் அறிந்த நடேசய்யர், குறையைத் தனிமனிதரின் குணத்தில் மட்டும் தேடாமல் கணக்கிலும் தேடினார்.

1920களில் ஏ.ஈ.குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் இணைந்து கொழும்புத் தொழிலாளரிடையே உழைத்தார். 1925இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். தேசபக்தன் பத்திரிகை வாயிலாகத் தோட்டங்களின் நிலையை வெளியுலகுக்கு உணர்த்தினார். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் சட்டம் 1927இல் நிறைவேறியது. அச்சட்டம் நடைமுறையில் பேணப்படுவதும் அவரது கவலையாயிற்று. இந்தியத் தொழிலாளருக்கு எதிரான உணர்வு தலைதூக்கியபோது குணசிங்கவுடனான அவரது உறவு முறிந்தது.

1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதல் தொழிற்சங்கம் அதுவே. துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடியும் எழுதியும் பணியாற்றினார். எழுத்தறியாத மக்களிடம் கருத்தைச் சேர்க்கப் பாட்டே தக்க வழி என இருவரும் உணர்ந்திருந்தனர். லயத்தில் தனித்தனியே அஞ்சிக்கிடந்தவர்கள் கூட்டத்தில் ஒருவரையொருவர் கண்டனர். கங்காணியின் குழுவுக்கு அப்பால் தமக்கென ஒரு குழு உண்டு என்பதை அறிந்தனர்.

துரைமாரும் கங்காணிகளும் எதிர்த்தனர். உலகப் பொருளாதார மந்தத்தால் கூலி குறைக்கப்பட்ட அக்காலத்தில் சம்மேளனம் நலிவுற்றது. அது பெரிதும் ஒரு தலைவரின் ஆளுமையைச் சார்ந்திருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கங்காணியின் பிடியிலிருந்து விடுபட்ட மக்கள் ஒரு தலைவரின் நிழலிலேயே நின்றுவிட்டால் அமைப்பு நிலைக்காது என்பது அவரது வாழ்வே தரும் பாடமாகும். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி 1947 வரை பணியாற்றிய அவர், அவ்வாண்டு நவம்பரில் காலமானார். மறு ஆண்டில் வந்த பிரசாவுரிமைச் சட்டம் அவரது மக்களில் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்தது. பின்னர் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியோரும், 2009இல் மீண்டும் யாவற்றையும் இழந்தோரும் அம்மக்களின் வழித்தோன்றல்களே.

இன்று வன்னியில் கங்காணி இல்லை. ஆனால் குழுவாகப் பெண்களைப் பிணைவைத்து நுண்கடன் வழங்கும் முறை பல கிராமங்களை வாட்டியதை அறிவோம். ஒருத்தி தவணை தவறினால் அயலவளே அவள் வாசலில் நிற்க வேண்டிய நிலை, பழைய துண்டை நினைவூட்டவில்லையா? ஆடைத் தொழிற்சாலையாயினும் கூட்டுறவுச் சங்கமாயினும், மேலிருப்பவரின் நலன் கீழிருப்பவரின் களைப்பில் தங்கியிருக்கும்வரை அங்கு நல்லுறவு மலராது. 1990இல் வெளியேற்றப்பட்டு மீண்டுவந்த முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் ஒரே தொழிற்களத்தில் மீண்டும் நம்பிக்கையை வளர்க்க வேண்டிய இம்மண்ணில் இது மேலும் பொருந்தும்.

தொழிலாளியைக் குறைகூறுமுன் அவரைச் சுற்றியுள்ள அமைப்பை ஆராய்க என்பதே நடேசய்யரின் வாழ்வு விட்டுச்சென்ற வழி. நமது நிறுவனங்களின் பொறுப்பிலுள்ளோர் அவ்வழியைக் கைக்கொள்வதே அவருக்குச் செய்யும் நன்றிக்கடனாகும்.