எச்.பி. எங்கிருந்து வந்தது? - கேரி கைகாக்ஸ் கதை

ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் ரூமில் கேம் ஆடுற ஆளா நீங்க? அப்போ உங்களுக்கே தெரியாம ஒரு மனிதருக்குக் கடன்பட்டிருக்கீங்க. எக்ஸ்.பி. சேர்ப்பது, லெவல் ஏறுவது, பாதாள அறைக்குள் இறங்கி அரக்கனைக் கொன்று புதையல் எடுப்பது எல்லாம் மூணு சின்னப் புத்தகங்களிலிருந்து கிளம்பியவை. அவற்றை வெளியிட்டவர் கேரி கைகாக்ஸ்.

1938 ஜூலை 27 அன்று சிகாகோவில் பிறந்தார். சின்ன வயசிலேயே குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பை அவர் முடிக்கவே இல்லை. (அரியர் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு சந்தோஷப்பட வேண்டாம், மனிதர் புத்தகப் புழு.) இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். 1970இல் அதுவும் போனது. வீட்டில் ஐந்து குழந்தைகள். வருமானத்துக்காக வீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து ஷூ ரிப்பேர் பார்த்தார்.

ஆனா விளையாட்டை மட்டும் விடல. பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு, ஜெஃப் பெர்ரன் என்பவருடன் சேர்ந்து 1971இல் செயின்மெயில் என்ற விதிநூலை எழுதினார். மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் அதை வேறு திசைக்குத் திருப்பினார். படைக்குப் பதில் ஆளுக்கு ஒரு பாத்திரம், போர்க்களத்துக்குப் பதில் கோட்டைக்கு அடியில் ஒரு பாதாளம். எச்.பி.யை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவந்ததும் ஆர்னசன்தான். 1972இல் அவர் நேரில் வந்து ஆடிக் காட்டியதும் கைகாக்ஸ் அசந்துபோனார். ஆர்னசனின் குறிப்புகளை விரித்து எழுதினார்.

1973இல் நண்பர் டான் கேயுடன் டி.எஸ்.ஆர். கம்பெனியைத் தொடங்கினார். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானது. முதலில் அச்சடித்தது வெறும் 1,000 பிரதிகள்.

அடுத்து நடந்ததைக் கேளுங்க. 1975இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், பாடம் நடத்தவென்று வைத்திருந்த பிளேட்டோ கணினியில் ஒருவர் இந்த விளையாட்டை புரோகிராமாக எழுதிவிட்டார். மாட்டிக்காம இருக்க ஃபைலுக்கு பெடிட்5 என்று சப்பென்று ஒரு பெயர். நிர்வாகம் அழிக்க அழிக்க அது திரும்பத் திரும்ப முளைத்தது. பிறகு 1980இல் ரோக், 1981இல் விசார்ட்ரி என்று வரிசை கட்டின.

கைகாக்ஸ் நல்லவர் மட்டுமே என்று சொல்ல முடியாது. 1979இல் ராயல்டி கேட்டு ஆர்னசன் கேஸ் போட வேண்டியிருந்தது. அது 1981இல் சமரசமானது. அப்புறம் சக்கரம் திரும்பியது. கார்ட்டூன் தொடர் எடுக்க கைகாக்ஸ் ஹாலிவுட் போயிருந்த காலத்தில் கம்பெனி கடனில் சிக்கியது. 1985இல் நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போனது. 1992இல் அவர் வேறொரு விளையாட்டை எழுதி வெளியிட்டபோது, அவர் தொடங்கிய கம்பெனியே அவர்மேல் கேஸ் போட்டது. கடைசியில் அதன் உரிமையும் டி.எஸ்.ஆர். கைக்கே போனது.

சட்டப்படி அது கம்பெனி சொத்துதான். ஆனா ஒரு விளையாட்டு உயிரோட இருப்பது யாரால்? 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸ் ஓடிய கணினிகள் குப்பைக்குப் போய் எவ்வளவோ காலமாச்சு. இன்னிக்கும் அதை ஆட முடிகிறதென்றால், பழைய பிராசசரும் சவுண்டு கார்டும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அப்படியே மென்பொருளாக எழுதிய டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர்களால்தான். அந்த பிளேட்டோ அமைப்பைக்கூட எமுலேட்டரில் ஓட்டுறாங்க. 1991இல் வந்த ஐ ஆஃப் தி பிஹோல்டரை, அதைவிடப் பழைய கமடோர் 64இல் ஓடும்படி ரசிகர்கள் 2022இல் எழுதி முடித்தார்கள். ஆமாம், பின்னோக்கி! அச்சில் இல்லாமல்போன கைகாக்ஸின் விதிகளையும் ரசிகர்கள் விடவில்லை. விளையாட்டு விதிமுறைக்குக் காப்புரிமை கிடையாது, எழுதிய வாசகத்துக்குத்தான் உண்டு. அதனால் சொந்த வாசகத்தில் மறுபடி எழுதி 2006இல் ஆஸ்ரிக் என்று வெளியிட்டார்கள்.

2008 மார்ச் 4 அன்று லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் இறந்தார். வயது 69. மறு வருடம் ஆர்னசனும் போய்விட்டார்.

அடுத்த தடவை உங்க எச்.பி. குறையும்போது ரெண்டு பேரையும் நினைச்சுக்கோங்க. அப்புறம், உங்க செமஸ்டர் புராஜெக்ட்டின் முதல் பக்கத்தில், கூட உழைத்த அத்தனை பேர் பெயரும் இருக்கா என்று ஒருமுறை பார்த்துடுங்க.