நம்ம உத்தமபாளையம் பி.டி.ராஜன்



நம்ம சுவர் இதழில் காந்தி, நேரு, காமராசர், கக்கன் எல்லாரையும் பற்றி எழுதியாச்சு. எல்லாரும் பெரிய தலைவர்கள்தான். ஆனா நம்ம கம்பம் பள்ளத்தாக்கிலேயே பிறந்து, சென்னை மாகாணத்துக்கே முதல் மந்திரியா இருந்த ஒருத்தரைப் பற்றி இதுவரை யாரும் எழுதலை. அவர்தான் பி.டி.ராஜன். பொன்னம்பல தியாகராஜன் என்பது முழுப்பெயர். நம்மில் பாதிப் பேருக்கு அது ஒரு கால்வாயின் பெயர் என்று மட்டும்தான் தெரியும்.

1892 ஆம் ஆண்டு உத்தமபாளையத்தில் பிறந்தார். நிலபுலன் நிறைய உள்ள குடும்பம். அவருக்கு மூணு வயசா இருக்கும்போதுதான், 1895ல், பென்னிகுயிக் கட்டின பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. தண்ணி வந்த பிறகு பள்ளத்தாக்கே மாறிப்போச்சு. இன்றைக்கு 14,707 ஏக்கரில் நாம இருபோகம் நெல் பார்க்கிறது அந்தத் தண்ணியால்தான்.

ராஜனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆக்ஸ்போர்டில் ஜீசஸ் கல்லூரியில் வரலாறு படித்தார். அப்புறம் பாரிஸ்டர் பட்டமும் வாங்கினார். அந்தக் காலத்தில் இங்கிருந்து சீமைக்குக் கப்பலில்தான் போகணும், போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். திரும்பி வந்தவர் நீதிக்கட்சியில் சேர்ந்தார். நீதிக்கட்சி 1916ல் ஆரம்பித்தது. படிப்பும் அரசாங்க உத்தியோகமும் ஒரு சிலருக்கே போகுது, மற்ற சாதியாருக்கும் பங்கு வேணும் என்று கேட்ட கட்சி அது. சென்னையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்ட பிட்டி தியாகராயரும் அதே கட்சிதான். (ரெண்டு பேர் பெயரும் ஒரே மாதிரி இருக்கும், குழம்பிக்காதீங்க. சென்னை தியாகராய நகர் அவர் பெயரில் உள்ளது. இவர் வேற.)

1920ல் சென்னை சட்டசபைக்கு முதல் தேர்தல் வந்தது. அதில் ராஜன் ஜெயித்தார். அப்போ அவருக்கு 28 வயசு. அன்றிலிருந்து 1937 வரைக்கும், பதினேழு வருஷம், சபையில் இருந்தார். ஆனா அப்போ எல்லாரும் ஓட்டுப் போட முடியாது. வரி கட்டுறவர், சொத்து உள்ளவர்தான் போடலாம். மாகாணத்தில் நாலு கோடிப் பேர் இருந்தாங்க, ஓட்டு இருந்ததோ சுமார் 12 லட்சம் பேருக்கு. வயலில் நாற்று நடுறவங்களுக்கு ஓட்டு கிடையாது. பெண்களுக்கும் கிடையாது.

பெண்கள் விஷயம் மட்டும் சீக்கிரமே மாறியது. 1921ல் அதே சபை, பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று தீர்மானம் போட்டது. பிரிட்டிஷ்காரர் ஆண்ட மாகாணங்களில் இதுதான் முதல். அப்பவும் சொத்து உள்ள பெண்களுக்குத்தான். இருந்தாலும் அஞ்சாறு வருஷத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சபைக்கே துணைத்தலைவராக வந்து உட்கார்ந்தார். ராஜன் உறுப்பினராக இருந்த காலத்தில்தான் இதெல்லாம் நடந்தது.

1930ல் முனுசாமி நாயுடு மந்திரிசபையில் ராஜன் வளர்ச்சித்துறை மந்திரி ஆனார். 1932ல் பொப்பிலி ராஜா முதல் மந்திரியாக வந்தபோதும் இவர் மந்திரியாகவே தொடர்ந்தார். பொப்பிலி என்பது இன்றைய ஆந்திராவில் உள்ள ஊர். அப்போ ஆந்திராவின் பெரும்பகுதியும் சென்னை மாகாணத்தோடதான் இருந்தது. மந்திரி என்றால் இப்போ மாதிரி நினைக்கக் கூடாது. பணமும் போலீசும் கவர்னர் கையில். விவசாயம், கல்வி, சுகாதாரம் மாதிரி சில துறைகள்தான் மந்திரிகளுக்கு. செலவு பண்ணணும்னா அந்தப் பக்கம்தான் கையேந்தணும். இந்த ஏற்பாட்டுக்கு இரட்டை ஆட்சி என்று நம்ம சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு வரி வரும். மனப்பாடம் பண்ணும்போது எனக்கு ஒண்ணும் புரியலை, இவர் கதையைப் படிச்சப்பதான் புரிந்தது.

1936ல் பொப்பிலி ராஜா ஐரோப்பாவுக்குப் போனார். அப்போ ஏப்ரல் 4 முதல் ஆகஸ்ட் 24 வரை ராஜன்தான் முதல் மந்திரி. அஞ்சு மாசம்கூட முழுசா இல்லை. ராஜா திரும்பி வந்ததும் நாற்காலியை அவரிடமே கொடுத்துவிட்டுப் பழைய வேலையைப் பார்க்கப் போனார். உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம் என்று நம்ம வகுப்பு லீடர் தேர்தலிலேயே பார்த்தோம்.

அடுத்த வருஷம், 1937 தேர்தல். காங்கிரஸ் அலை அடித்தது. 215 இடங்களில் நீதிக்கட்சிக்குக் கிடைத்தது 18 தான். பொப்பிலி ராஜாவே தோற்றுப்போனார். பதினேழு வருஷத்தில் முக்கால்வாசிக் காலம் ஆண்ட கட்சி ஒரே தேர்தலில் படுத்துவிட்டது. ஜமீன்தார்களும் பணக்காரர்களும் நடத்துற கட்சி, வெள்ளைக்காரனுக்கு வேண்டிய கட்சி என்று ஜனங்கள் நினைத்தார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கு. ராஜனே சர் பட்டம் வாங்கியவர்தானே.

பிறகு 1938ல் பெரியார் கட்சித் தலைவரானார். 1944ல் சேலம் மாநாட்டில் பெயரையே திராவிடர் கழகம் என்று மாற்றினார்கள். இனிமே தேர்தலில் நிற்க மாட்டோம், வெள்ளைக்காரன் கொடுத்த பட்டத்தை விட்டுவிடணும் என்றார்கள். ராஜனும் இன்னும் சிலரும் இதற்கு ஒத்துக்கலை. பழைய பெயரையே வைத்துக்கொண்டு தனியா நின்றார்கள். பின்னால் அந்தச் சின்னக் கட்சிக்கு ராஜனே தலைவரானார்.

எனக்கு இவர் வாழ்க்கையிலேயே ரொம்பப் பிடித்த இடம் 1952. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். 21 வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டு. சொத்து கேட்கலை, படிப்பு கேட்கலை. நாற்று நடுற பெண்களும் வரிசையில் நின்றார்கள். 1920ல் ஓட்டே இல்லாதவர்களிடம் இப்போ ராஜன் ஓட்டுக் கேட்டு வரணும். பழைய மந்திரி, சீமையில் படித்தவர், செத்துப்போன கட்சி என்று ஊரே சொல்லும் கட்சி. எப்படி ஜெயிப்பார்? சென்னை சட்டசபையில் மொத்தம் 375 இடம். நீதிக்கட்சி நின்றது ஒன்பதில். எட்டில் தோற்றது. ஜெயித்த ஒரே ஒரு இடம் நம்ம கம்பம், ஜெயித்தவர் ராஜன். கட்சிக்காக விழுந்த ஓட்டு என்று இதைச் சொல்ல முடியாது, ஆளுக்காக விழுந்த ஓட்டுதான் என்று எனக்குத் தோணுது. அஞ்சு வருஷம் அவர் ஒருத்தரே அந்தக் கட்சி.

பெரியாரோடு சேர்ந்து இருந்தவர் என்பதால் இவரும் சாமி கும்பிட மாட்டார் என்று நினைத்தால் தப்பு. 1950ல் சபரிமலைக் கோயில் தீயில் எரிந்தது. புதுசாக ஐம்பொன்னில் ஐயப்பன் சிலை செய்து கொடுத்தவர் ராஜன்தான். நாடகக்காரர் நவாப் ராஜமாணிக்கமும் கூடச் சேர்ந்து, அந்தச் சிலையைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். 1951ல் கோயிலில் பிரதிஷ்டை ஆனது. கார்த்திகை, மார்கழியில் நம்ம ரோட்டில் குமுளிக்கு வரிசையா வண்டி போகுதே, அந்தச் சாமிமார் கும்பிடப் போற சிலை நம்ம ஊர்க்காரர் கொடுத்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணிக்குழுவுக்கும் தலைமை ஏற்று, 1963ல் குடமுழுக்கு நடத்தி வைத்தார்.

1968ல் நீதிக்கட்சிப் பொன்விழா மலரைக் கொண்டுவந்தார். 1974 செப்டம்பரில் காலமானார். அவர் மகன் பி.டி.ஆர். பழனிவேல் ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டசபை சபாநாயகராக இருந்தார். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2021ல் நிதியமைச்சர் ஆனார்.

கடைசியா அந்தக் கால்வாய். நம்ம பக்கம் பி.டி.ராஜன் கால்வாய் என்று ஒன்று, தந்தை பெரியார் கால்வாய் என்று ஒன்று. ரெண்டும் சேர்ந்து உத்தமபாளையம், போடி, தேனி தாலுகாக்களில் 5,146 ஏக்கருக்குத் தண்ணி கொடுக்குது. 1944ல் கட்சியில் பிரிந்தவர்கள் ரெண்டு பேரும். இப்போ அவங்க பெயருள்ள ரெண்டு கால்வாய்க்கும் சேர்த்தே தண்ணி திறந்து விடுறாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி