மண்ணுக்கும் கணக்கு எழுதிய குமரப்பா



விதை, உரம், ஆள்கூலி, விற்ற தொகை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறீர்கள். மண்ணிலிருந்து எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு திருப்பிக் கொடுத்தீர்கள் என்று எழுதுவதுண்டா? அந்தக் கணக்கையும் பார்க்கச் சொன்னவர் ஜே.சி. குமரப்பா.

1892ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக இருந்தார். பிறகு அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தார். 1929இல் காந்தியைச் சந்தித்தார். அதன்பின் கதர் உடுத்தி, குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகச் சென்று விவசாயக் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார்.

அடுத்து, வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். ஊர்ப்பணிக்கு வந்த இளைஞர்களுக்கு அங்கே செக்கு, தேனீ வளர்ப்பு, கழிவிலிருந்து மக்கு உரம் தயாரிப்பது ஆகியவை செய்முறையாகக் கற்பிக்கப்பட்டன.

1937இல் ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழுவில் குமரப்பாவும் உறுப்பினர். யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம் அதே குழுவில் இருந்தார்; பின்னர் சேவாகிராமத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நூற்பைப் போலவே விவசாயமும் அந்தத் திட்டத்தில் ஓர் அடிப்படைத் தொழில். மண்வெட்டி பிடித்துப் பழகிய ஆசிரியரால்தான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியும்.

குமரப்பா வலியுறுத்தியவை இரண்டு. முதலாவது, ஊருக்குத் தேவையான தானியம், பயறு, எண்ணெய்வித்து, காய்கறி, தீவனம் ஆகியவற்றுக்கு முதலில் நிலம் ஒதுக்க வேண்டும். மிஞ்சியதில்தான் ஆலைக்கான பயிர். இரண்டாவது, எடுக்க எடுக்கக் குறையும் இருப்பை நம்பாமல், ஆண்டுதோறும் திரும்பி வரும் வளத்தைக் கொண்டு வாழ வேண்டும்.

இது செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். மாமல்லபுரம் கரையோரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறிக் கிணறு உப்பாகும். மழைநீரை ஏரியிலும் குட்டையிலும் தேக்குவதே பாதுகாப்பு. மணல் நிலத்தில் ஈரம் நிற்க மக்கு உரம் தேவை. சம்பாவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 40 முதல் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். வீட்டுக்கான உளுந்துக்கும் காய்கறிக்கும் ஒரு துண்டு நிலம் ஒதுக்குங்கள்.

1949இல் உழுபவருக்கே நிலம் என்று பரிந்துரைத்த காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவரும் இவரே. கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வரும் ஆசிரிய மாணவர்களை ஒருநாள் வயலுக்கு அழையுங்கள். உரக்குழி போடவும் நாற்று நடவும் அவர்கள் கையால் செய்து பழகட்டும். நாளை உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப்போகிறவர்கள் அவர்கள்தான்.