நோய்முதல் கண்ட டோனவன்

ஆரணியிலும் சேத்துப்பட்டை அடுத்த ஊர்களிலும் பட்டு நெய்வோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாவில் ஓரிழை அறுந்தால் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நெய்பவரோ உடனே தறியை நிறுத்துவார், குனிந்து நோக்குவார், அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்த பின்னரே நாடாவை மீண்டும் ஓட்டுவார். பிறர் காணாததைப் பொறுமையோடு நோக்கிக் காண்பதே அத்தொழிலின் உயிர். அத்தகைய கண்ணோடு மனித உடலின் நோய்களை நோக்கிய மருத்துவர் ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தார். அவரே சார்லஸ் டோனவன் ஆவார்.

டோனவன் 1863 ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் ஒரு நீதிபதி. இளமையிலேயே அயர்லாந்து நாட்டிற்கு அனுப்பப்பட்ட டோனவன், அங்கே பாட்டனார் ஆதரவில் வளர்ந்து மருத்துவம் பயின்றார். 1891 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராகவும், பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் அமர்ந்தார்.

அக்காலத்தில் நெடுநாட் காய்ச்சலால் மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து மாண்டோர் பலர். அது மலேரியாவே என்று கருதிய மருத்துவர்கள் கொயினா கொடுத்தனர், நோய் தணியவில்லை. மருந்து பொய்க்குமாயின் நோயைப் பற்றிய கருத்தே பொய்யாக இருத்தல் கூடும் அன்றோ? டோனவன் அவ்வாறே ஐயுற்றார். 1903 ஜூன் 17 ஆம் நாள், உயிரோடிருந்த நோயாளி ஒருவரின் மண்ணீரலினின்று எடுத்த துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதில் மிக நுண்ணிய உயிர்களைக் கண்டார். இறந்த படைவீரன் ஒருவனின் உடலில் தாம் கண்ட இத்தகைய பொருள்களைப் பற்றி லீஷ்மன் என்னும் மருத்துவர் சில வாரங்களுக்கு முன்னரே எழுதியிருந்தார். இருவர் உழைப்பையும் மதித்த ரொனால்டு ராஸ், அவ்வுயிர்க்கு இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று பெயரிட்டார். காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலின் முதல் இவ்வாறு வெளிப்பட்டது.

இப்புகழோடு அவர் அமைந்துவிடவில்லை. பிறர் பேசவும் கூசிய நோய்களின்பால் அவர் கருத்துச் சென்றது. ஆண் பெண் உறவால் தொற்றும் நோய்களை முன்னாளில் மேகநோய் என்றனர்; இன்று பால்வினை நோய் என்கிறோம். அந்நாளில் உலகம் இவற்றை நோயாகக் கருதாது குற்றமாகவே கருதியது. 1868 இல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பொதுமகளிரை வற்புறுத்திச் சோதிக்கவும், நோயுற்றோரை மருத்துவமனையில் அடைத்து வைக்கவும் இடந்தந்தது. 1888 இல் அச்சட்டம் நீங்கியது. ஆயினும் மக்கள் மனத்திலிருந்த இழிவு நீங்கவில்லை.

அந்நோய்களுள் ஒன்று சிறு கட்டியாய்த் தோன்றும். பின்பு உடைந்து புண்ணாகும். திங்கள் பலவாக மெல்லப் பரவும். பெரும்பாலும் வலி தோன்றாது. வலியின்மையும் நாணமும் ஒருங்கு சேர்ந்தால் விளைவு என்னாகும்? நோயுற்றவர் எவரிடமும் கூறார். புண்ணோ உடலை அரித்துக் கொண்டே செல்லும். 1905 இல் டோனவன் இப்புண்ணின் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நோக்கினார். பெரிய உயிரணுக்களினுள்ளே சிறு கோல்கள் பல செறிந்திருந்தன. இரு முனையிலும் சாயம் அடர்ந்து பற்றியமையால், அவை பூட்டிய ஊக்குப் போலத் தோன்றின. இவற்றிற்கு ‘டோனவன் துகள்கள்’ என்னும் பெயர் நிலைத்தது.

அவற்றை அவர் புரோட்டோசோவா இனமென்று எண்ணினார். அவை பாக்டீரியா இனமே என்பது பின்வந்தோர் ஆய்வால் தெளிவாயிற்று. இதனால் அவர் பெருமை குன்றுமோ? குன்றாது. முதலிற் கண்டவர் வழியைத் திறக்கிறார். பின்வருவோர் அவ்வழியைத் திருத்துகின்றனர். சென்னையிலேயே அப்பணி தொடர்ந்தது. ஆர். வி. ராஜம், பி. என். ரங்கையா என்னும் மருத்துவர் இருவர் இந்நோயைப் பற்றி எழுதிய நூலை 1954 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. ஆண்டிபயாடிக் மருந்துகள் வந்தபின் இந்நோய் எளிதில் தீர்வதாயிற்று; இன்று அருகியும் விட்டது.

டோனவன் இராயப்பேட்டை மருத்துவமனையின் கண்காணிப்பாளராகவும் விளங்கி, 1920 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். ஓய்விலும் அவர் கண் ஓயவில்லை. வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் ஆராய்ந்து, அயர்லாந்தில் வாழ்வன பற்றி 1936 இல் நூலொன்று வெளியிட்டார். 1950 இல் அறிஞர்கள் அப்புண் நோய்க்கு ‘டோனவனோசிஸ்’ என்று அவர் பெயரையே சூட்டினர். அடுத்த ஆண்டு, 88 அகவை நிறைந்தவராய் அவர் மறைந்தார்.

இழிநோய் என்று உலகம் ஒதுக்கிய ஒன்றிற்குத் தம் பெயர் அமைவதைப் பிறர் விரும்புவரோ? நல்ல மருத்துவர்க்கோ அதுவே மாலை. காய்ச்சலால் வாடியவனையும் மேகநோயால் நாணியவனையும் டோனவன் ஒரே கண்ணால் நோக்கினார். நுண்ணோக்கியின் கீழே நல்லவன் தீயவன் என்னும் வேறுபாடு இல்லை. நோயும் அதன் காரணமுமே உள்ளன. ஆதலின், மாணவர்களே, எந்நோயையும் நாணத்தால் மறைத்தலாகாது. நோயுற்ற எவரையும் இகழ்தலும் ஆகாது. மறைத்த நோய் வளரும். மருத்துவரிடம் உரைத்த நோய்க்கு மருந்து கிடைக்கும்.